நொச்சியேந்தல் மண்

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைமையாசிரியருக்குக் கொடுக்கும் சுற்றுச்சூழல் மன்ற அறிக்கை தனி. அதில் செடிகள் எல்லாம் பச்சையாகவும் மாணவர்கள் எல்லாரும் ஆர்வமாகவும் இருப்பார்கள். இது எனக்காக எழுதுவது.

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று தண்ணீர்ச் சிக்கனம் பாடம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எல்லாரையும் குழாயடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒழுகுகிற குழாய்க்குக் கீழே காலையில் ஒரு வாளி வைத்தோம். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் நிறைந்துவிட்டது. "இதுல ஒரு ஆளு குளிச்சிரலாம் டீச்சர்" என்றான் சேவுகமூர்த்தி. "நீயே குளி. பக்கத்து பெஞ்சுக்காரங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். வகுப்பே சிரித்தது. என் மகள் டெல்பின் மட்டும் சிரிக்கவில்லை. பெற்ற தாயே வகுப்பெடுத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தக் கோபம் வேறு.

இந்தக் கொன்றையேந்தலுக்கு வந்து மூன்று வருடமாகிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் இந்தக் காய்ந்த சீமை இன்னும் பழகவில்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் வேலையாக இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஊர்ப் பக்கம் மாறுதல் கேட்டு விண்ணப்பிக்கிறேன், அது எங்கோ போய்த் தூங்குகிறது. இருக்கிறவரைக்கும் உருப்படியாக ஒன்று செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பள்ளிக்குப் பின்னால் செத்துக் கிடக்கிற ஊருணியைப் பிள்ளைகளை வைத்தே பிழைக்கவைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கை இரண்டும் கழன்றுவிடும்போல் இருக்கிறது. ஊருணியில் மண்டியிருந்த சீமைக்கருவேலம் எல்லாம் ஒழிந்தது. பெரிய வேர்களை இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள், சின்னதெல்லாம் பிள்ளைகள் பிடுங்கியது. பள்ளிக் கூரையில் விழும் மழை முழுவதும் ஊருணிக்கு வருவதுபோல் குழாய் பதித்து, தண்ணீர் வந்துசேரும் வரத்துக்காலையும் சீர்செய்துவிட்டோம்.

ஆனால் அடிமண் செங்கல் மாதிரி இருக்கிறது. மழை பெய்தாலும் இது தண்ணீர்த் தொட்டியாகத்தான் இருக்கும், குளமாகாது. பிள்ளைகளுக்கு விளக்கினேன். பழைய ஊருணிச் சேற்றில் விதைகளும் முட்டைகளும் பல வருடம் உறங்கிக் கிடக்கும். அந்தச் சேற்றைக் கொஞ்சம் கொண்டுவந்து இங்கே பரப்பினால் போதும். ஈரம் பட்டதும் அல்லி, கோரை, நீர்ப்பூச்சி, தவளை எல்லாம் தானாகக் கண் விழிக்கும்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரியா டீச்சர்?" என்று கேட்டாள் ஒருத்தி. அதேதான் என்றேன். நல்ல சேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு சேவுகமூர்த்தி நொச்சியேந்தல் என்றான். அங்கே இப்போது ஆள் யாரும் இல்லையாம்.

துணி ஊறவைத்தது ஊறவைத்தபடியே கிடக்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

சேவுகமூர்த்தியின் அப்பா டிராக்டர் கொடுத்தார். நொச்சியேந்தலில் கூரையில்லாத சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஊருணி அழகான ஊருணி. நான்கு பக்கமும் படி. ஒரு பிளாஸ்டிக் தாள்கூடக் கிடக்கவில்லை. மேலே வெடித்துக் கிடந்தாலும் ஒரு சாண் தோண்டினால் ஈரம். கரையோரம் குட்டையாக ஒரு கல் நட்டிருந்தது. அதில் எழுத்தோ குங்குமமோ எதுவும் இல்லை. அதன் அடியில் மண் வெண்ணெய் மாதிரி இருந்ததால் அங்கேயே தோண்டி மூட்டை கட்டினோம்.

டெல்பின் ஒரு வேலையும் செய்யாமல் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். முகம் சிவந்துபோய் செருப்பைக் கழற்றி வீசினாள். மூட்டைகள் நிறைந்துவிட்டதால் அந்தக் கல்லடியில் கடைசியாகக் கிடந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளித் தன் மஞ்சள் துப்பட்டாவில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டாள். "இப்ப வேலை செய்யுதேன்ல, பாத்துக்க" என்றுவிட்டு டிராக்டரில் ஏறாமல் வயல் வழியாக நடக்க ஆரம்பித்தாள். நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெயிலில் வழியில் எங்கேயும் சுமையை இறக்கவும் இல்லை. ஊருணிக்கரை ஈரமண்ணில் டிராக்டர் சக்கரம் பதிந்து நாங்கள் வந்துசேர்வதற்குள், நம் ஊருணியின் நட்டநடுவில் மண்ணைக் கொட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிடிவாதம் அப்படியே என்னுடையது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மண் பரப்பியாயிற்று. தோசை மாவு புளித்துவிட்டது. மழை வருவதாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

ஒரு தூறல்கூட இல்லை. ஆனால் ஊருணி நடுவில் ஈரம் காயவில்லை. டெல்பின் கொட்டிய இடத்தில் கோரை முளைத்திருக்கிறது. அடியில் ஏதோ ஊற்றுக்கண் இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். அறிக்கையிலும் அப்படியே எழுதினேன்.

இன்று ஒன்றைக் கவனித்தேன். பிள்ளைகள் எல்லாரும் செருப்பைப் பள்ளிக் கதவருகிலேயே விட்டுவிட்டுக் கரைக்கு வருகிறார்கள். நான் சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் டெல்பினைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

விளையாட்டுப் போட்டிகளுக்காக வெளியூர் போயிருந்த பி.டி. சார் வைரவன் திரும்பி வந்தார். கலகலப்பான மனிதர். ஊருணியைக் காட்டக் கூட்டிப் போனேன். கோரையைப் பார்த்ததும் குனிந்து அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்கேருந்து மண்ணு எடுத்தீக டீச்சர்?"

"நொச்சியேந்தல்ல இருந்துதான் சார்."

"அது எங்க பூர்வீகம். கரையில ஒரு கல்லு நட்டிருக்குமே?"

"அதுக்கு அடியிலதான் சார் மண்ணு பதமா இருந்துச்சு."

விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். யார் சுமந்தது, எப்படிச் சுமந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வேடிக்கையாக இருக்கட்டும் என்று டெல்பின் கோபித்துக்கொண்டு நடந்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கம் பிடிமண் என்று ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஊரை விட்டுப் போகிறவர்கள் தங்கள் சாமி இருக்கிற இடத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, செருப்பில்லாமல் தலைச்சுமையாகக் கொண்டுபோவார்கள். வழியில் இறக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. மண்ணை இறக்குகிற இடத்தில் சாமியும் இறங்கிவிடுமாம்.

"ஊரைக் காலி பண்ணையில எல்லாச் சாமிக்கும் பிடிமண் எடுத்தாக. ஊருணிக்காரிக்கு மட்டும் யாரும் எடுக்கலை."

"அது யாரு சார்?"

"ஒரு பஞ்சத்துல தண்ணிக்குக் காவலா ஒரு பொம்பளைப்பிள்ளையைக் கரையில உக்கார வச்சிருக்காக. யாரும் அசிங்கம் பண்ணாம, வீணாக்காம பார்த்துக்கிறதுக்கு. அவ அப்புறம் எந்திரிக்கவே இல்லை. செத்தும் எந்திரிக்கலைன்னு சொல்லுவாக. அவ மண்ணை எடுத்தா, எடுத்தவுகதான் அவளுக்குப் பதிலா காவல் நிக்கணும். அதான் விட்டுட்டு வந்துட்டாக."

மண் பரிசோதனைக்குக் காகிதம் வேண்டும், கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

நான் தாவரவியல் படித்தவள். செபமாலை சொல்கிறவள். ஒரு துப்பட்டா முடிச்சில் ஒரு சாமி வந்துவிடுமா? நல்ல கூத்து.

டெல்பினிடம் சும்மா கேட்டேன், அன்றைக்கு வழியில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாயா என்று. "நீ கூப்பிடுதது கேட்டுச்சு. பொறவு வேற யாரோ கூப்பிட்டாப்புல இருந்துச்சு. ரெண்டுக்கும் திரும்பல" என்றாள்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை! ஒரே ஒரு மழைதான். ஊர்க் கண்மாயில் கால் நனைகிற அளவுகூடத் தண்ணீர் இல்லை. நம் ஊருணி மூன்றாம் படி வரைக்கும் நிறைந்துவிட்டது. கூரைத் தண்ணீர் முழுவதும் வந்திருக்கிறது, அதுதான் காரணம். சாயங்காலமே தவளைக் கூச்சல். தலைமையாசிரியர் ஊருணி முன்னால் நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். மாவட்ட அளவில் பரிசு நிச்சயம் என்கிறார். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போயிருக்கிறது.

வீட்டில் டெல்பின், "ஒரு செம்பு தண்ணி மோந்துட்டு வரட்டா?" என்றாள். எங்கள் கடற்கரைப் பேச்சில் தண்ணீரைக் கோருவோம், மோக்க மாட்டோம். இந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று வருடம் ஒட்டாதது இப்போது ஒட்டுகிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நேற்று ஊருணிக்குள் பைக்கை இறக்கிக் கழுவியிருக்கிறான். இன்று காலையிலிருந்து அவனுக்குத் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. சோறு இறங்குகிறது, தண்ணீர் மட்டும் வெளியே வருகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மதியம் அவன் கரைக்கு வந்தான். டெல்பின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊருணியைப் பார்த்துக் கும்பிட்டிருந்தால் பயம் என்று விட்டிருப்பேன். அவன் இவளைப் பார்த்துக் கும்பிட்டான். இவள் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கொடுத்தாள். குடித்தான். இறங்கியது. ஆசிரியர் அறை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிள்ளைகள் விளையாட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பள்ளியில் ஒரு குழாய் ஒழுகுவதில்லை. தலைமையாசிரியர் என்னைப் பாராட்டுகிறார்.

அக்டோபர் 6, திங்கள்

டெல்பினின் பாதங்கள் நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. காய்ந்த தரையில் நடந்தாலும் ஈரத் தடம் விழுகிறது. நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போகிறேன். எப்போதிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதில்லை என்று யோசித்துப் பார்த்தேன், நினைவு வரவில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

விடிந்தும் விடியாததுமாகக் கரைக்குப் போய்விடுகிறாள். செபத்துக்கு உட்காருவதில்லை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

மாறுதல் ஆணை வந்துவிட்டது. அதுவும் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பள்ளிக்கே. வராண்டாவிலேயே அழுதுவிட்டேன். கேசரி கிண்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். டெல்பின் வந்ததும், "ஏட்டி, ஊருக்குப் போறோம். இனிமே தினமும் கடல் பாக்கலாம்" என்றேன்.

வீட்டு வாசலில், வெளியாள் மாதிரி நின்றபடி சொன்னாள்: "நீங்க போயிட்டு வாங்க டீச்சர்."

பள்ளியில் டீச்சர் என்று கூப்பிடும்போதுகூட அவள் ஒருநாளும் என்னை நீங்க என்றவள் இல்லை. பிறந்ததிலிருந்து இல்லை. கேசரியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

வலுக்கட்டாயமாக பஸ்ஸில் ஏற்றினேன். ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் பேசாமல் வந்தாள். பாலம் தாண்டியதும் உதடு வெடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கோடாக வெடித்தது, வெயிலில் சேறு வெடிக்கிற மாதிரி. கண் செருகிவிட்டது. பாட்டில் தண்ணீரைப் புகட்டினால் வழிந்து போகிறது. நான் கத்திய கத்தில் டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். பாலத்துக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். வழியில் வந்த ஆட்டோ ஊருணியில் கொண்டுவந்து விட்டது. நான் எங்கே என்று சொல்லவில்லை, ஆட்டோக்காரரும் கேட்கவில்லை.

கால் தண்ணீரில் பட்டதும் கண் விழித்தாள்.

ஆயிரம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் பிள்ளைக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

வைரவன் சார் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி காப்பி கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

"அந்த மண்ணை நொச்சியேந்தல்லயே கொண்டுபோய்ப் போட்டுரலாமா சார்?"

"போடலாம். ஆனா கொண்டுபோறவுக அங்கதான் இருக்கணும். மனுச வாடையே இல்லாத இடத்துல."

"வேற வழி?"

அவர் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துச் சொன்னார். "பிள்ளை தெரியாம எடுத்தது. தெரிஞ்சு ஒருத்தர் அவ கையால மண்ணை வாங்கிக்கிட்டா அவளை விட்டுரும். வாங்கித் தலையில வச்சுக் கரையை ஒரு சுத்து வந்து, திரும்ப நடுவுல விடணும். இறக்காம, திரும்பிப் பார்க்காம. அப்புறம் வாங்குனவுகதான் எல்லாம்." பிறகு, "நீங்க வேதக்காரவுக, மாதா கோயிலுக்குப் போறவுக. இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு டீச்சர்?" என்றார்.

கேட்டதைக் குறித்துவைக்கிறேன். நம்பி அல்ல.

அக்டோபர் 18, சனி

பரிசோதனைக்கு ஊருணியில் மண் மாதிரி எடுக்க வேண்டியிருந்தது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டேன். ஈரம் ஒட்டக் கூடாது என்று செருப்பை வீட்டிலேயே விட்டேன். பை கிடைக்காததால் அந்த மஞ்சள் துப்பட்டாவை எடுத்துக்கொண்டேன்.

டெல்பின் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். "மண்ணைக் குடு. நான் வாங்கிக்கிடுதேன்" என்றேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். அந்தக் கண் என் பிள்ளையின் கண் இல்லை. ஆனால் கெட்ட கண்ணும் இல்லை, களைத்துப்போன கண். குனிந்து அடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி என் துணியில் வைத்தாள். முடிந்து தலையில் வைத்தேன். ஒரு பிடி மண் இவ்வளவு கனக்குமா என்று இருந்தது.

கரையைச் சுற்றி நடக்கும்போது பின்னால் தண்ணீர் சலசலத்தது. பிறகு குரல். "யம்மா."

எங்கள் ஊர்ப் பேச்சு. எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல்.

"யம்மா, காலு எரியுதும்மா. எங்கம்மா போற? குளிருதும்மா. ஒரு தடவை திரும்பிப் பாரேன்."

நான் திரும்பவில்லை. அவள் அழுதாள். சின்ன வயதில் கடலலை இழுத்துப்போனபோது அழுத அதே அழுகை. அன்றைக்கு ஓடிப்போய்த் தூக்கினேன். இன்றைக்கு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன். என் வாயெல்லாம் உப்பாக இருந்தது. திரும்பினால் மாதிரிக்கு எடுத்த மண் சிந்திவிடும், அதற்காகத்தான்.

சுற்று முடித்துத் தண்ணீருக்குள் இறங்கி நடுவில் மண்ணை விட்டேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

டெல்பின் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். இன்னொரு செம்பு. அப்புறம் குடத்தோடு தூக்கிக் குடித்தாள். நான்கு தோசை சாப்பிட்டுவிட்டு, "யம்மா, நேத்து நான் கூப்பிட்டேன்ல, நீ ஏன் திரும்பல?" என்று கேட்டாள். கோபத்தில் கன்னம் உப்பியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல் இருந்தது.

தங்கை ரோசரினாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

அக்டோபர் 22, புதன்

ரோசரினாவோடு டெல்பினை அனுப்பிவைத்தேன். இனி டெல்பின் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பள்ளியிலேயே படிப்பாள். பாலம் வரைக்கும் நான் போனேன்.

"நீயும் ஏறும்மா."

"ஒரு வேலை பாக்கி இருக்கு மக்களே. இந்த ஊருணி வத்துனதும் வாரேன்."

பஸ் பாலத்தைத் தாண்டி மறையும்வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் கை காட்டிக்கொண்டே போனாள்.

மாணவர் நலன் கருதி மாறுதல் ஆணையை ரத்துசெய்யக் கோரி எழுதிக் கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். உங்களை மாதிரி அர்ப்பணிப்பு யாருக்கு வரும் என்கிறார். வைரவன் சார் எழுந்து வெளியே போய்விட்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

அல்லி பூத்துவிட்டது. மீன்கொத்தி வந்திருக்கிறது. மாவட்டப் பரிசு நமக்குத்தான். பிள்ளைகள் இப்போது என்னோடு வாயாடுவதில்லை, சேவுகமூர்த்திகூட. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் என் வகுப்புக்குள் வருகிறார்கள்.

வீட்டில் தரை துடைத்து மாளவில்லை.

டிசம்பர் 24, புதன்

அரையாண்டு விடுமுறை. பள்ளி பூட்டிக் கிடக்கிறது. மதியம் டெல்பின் போன் செய்தாள். கிறிஸ்துமஸ் குடில் கட்டிவிட்டார்களாம், கடலில் காற்று பலமாம், ரோசரினா சுட்ட முறுக்கு கல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஊருணி வத்திட்டாம்மா?"

"நெறைஞ்சு கெடக்குட்டி."

"எப்பம்மா வத்தும்?"

"சித்திரையில வத்தீரும்."

"வத்துனதும் வந்துருவல்ல?"

"வந்துருதேன்."

போனை வைத்ததும் வைரவன் சாரைக் கூப்பிட்டு, விடுமுறையிலேயே பிள்ளைகளைத் திரட்டி வரத்துக்காலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று சொன்னேன். அடுத்த தெருக் கூரைகளின் தண்ணீரையும் திருப்பிவிட்டால் கோடையிலும் வற்றாது. அப்படித்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் சரிங்க என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை.

கேக் வாங்கி வந்தது மேசையில் இருக்கிறது. பசிக்கவில்லை. தாகமும் இல்லை.

பூட்டிய பள்ளியில் சத்துணவுக் கூடத்துக் குழாயை யாரோ சரியாக மூடாமல் போயிருக்கிறார்கள். ஊரின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் சொட்டுச் சொட்டாகக் கேட்கிறது. போய் அடைத்துவிட்டு, அப்படியே கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.